பேச்சு வராத பிள்ளைக்கு ஸ்விட்ச், டேப்லெட் வைத்து தமிழ் எழுத்து – எங்கே தொடங்குவது?

மேலூர்_வளமையம்:
வணக்கம். ரெண்டு பிள்ளைகளுக்கு எழுத்து ஆரம்பிக்கணும். ஒருத்திக்கு 7 வயசு, மூளை முடக்குவாதம். சொல்றதெல்லாம் புரியுது, பேச்சு இல்லை, ரெண்டு கையும் முஷ்டியா மடங்கியே இருக்கு. இன்னொருத்தனுக்கு 8 வயசு, டவுன் சிண்ட்ரோம், ரெண்டு மூணு சொல் சேர்த்துப் பேசுவான். கையில இருக்கிறது 8 அங்குல சாம்சங் டேப்லெட் ஒண்ணு, பழைய லேப்டாப் ஒண்ணு. எழுத்து ஆப் எதைத் திறந்தாலும் அ, ஆ, இ வரிசையா 12ம் ஓடுது. அவ கை பட்டா நாலு பட்டன் சேர்ந்து அமுங்குது. அவன் கையில கொடுத்தா அடுத்த நிமிஷம் யூடியூப். ஆப்போட குரல் தனி எழுத்தைச் சொன்னா எனக்கே புரியலை. முதல்ல எதைச் சரி பண்ணணும்?

கம்பியும்_பட்டனும்:
யூடியூப் விஷயம் சின்னது. செட்டிங்ஸ்ல பாதுகாப்புப் பகுதியில "ஆப் பின்னிங்" இருக்கும், பின் நம்பரோட போட்டு விடுங்க. திறந்த ஆப்பை விட்டு வெளியே போக முடியாது.

பெரிய வேலை அந்தப் பொண்ணோடது. எழுத்துக்கு முன்னாடி அவ "இது" என்று காட்ட ஒரு வழி வேணும். கை விரியாதுன்னா டச் ஸ்க்ரீனை மறந்துடுங்க, ஒற்றை ஸ்விட்ச்தான், அதாவது உடம்போட எந்தப் பாகத்தாலயும் அமுக்கக்கூடிய ஒரே ஒரு பெரிய பட்டன். எங்கே வைக்கிறதுன்னு உங்க மையத்து பிசியோகிட்ட கேளுங்க. முஷ்டியோட பக்கவாட்டு, முழங்கை, தலையோட பக்கம், முழங்கால், எது களைப்பில்லாம திரும்பத் திரும்ப வருதோ அது. பாதம் தரையிலயோ பலகையிலயோ ஊன்றி, இடுப்பு நேரா இருந்தபிறகுதான் இதைச் சோதிக்கணும். உடம்பு சரிஞ்சு இருந்தா எந்த ஸ்விட்ச்சும் வேலைக்காகாது.

செய்முறை: கெட்டுப்போன யூஎஸ்பி கீபோர்டு ஒண்ணு எடுங்க (மதுரை டவுன் ஹால் ரோடு பக்கம் சர்வீஸ் கடையில கேட்டா கிடைக்கும்). பிரிச்சு உள்ளே இருக்கிற சின்ன போர்டை மட்டும் வச்சுக்கோங்க. லேப்டாப்ல சொருகி, ஒரு வயரோட ரெண்டு முனையால போர்டு ஓரத்து புள்ளிகளை ரெண்டு ரெண்டா தொட்டுப் பாருங்க. எந்த ஜோடி "என்டர்" கொடுக்குதோ அந்த ஜோடியில ரெண்டு வயர் பற்ற வச்சு 3.5 மி.மீ. மோனோ சாக்கெட்டுக்குக் கொண்டு வாங்க. அதுல சொருக ஒரு பெரிய புஷ் பட்டன், 6 செ.மீ. அகலமாவது வேணும். வழக்கமா தகராறு வர்ற இடம் ஒண்ணு: அந்தப் புள்ளிகள் மேல கறுப்பு கார்பன் பூச்சு இருக்கும், அதுல ஈயம் ஒட்டாது. சூடு ஏத்திக்கிட்டே போனா தடம் உரிஞ்சு வந்துடும். புள்ளியை விட்டுட்டு, அதுக்குப் போற செம்புத் தடத்தோட பச்சைப் பூச்சை பிளேடால லேசா சுரண்டி அங்கே பற்ற வைங்க.

மவுஸை வெட்டி பண்ணலாமேன்னு சிலர் சொல்வாங்க. லேப்டாப்ல ஓடும். டேப்லெட்டோட ஸ்விட்ச் ஆக்சஸ் (ஸ்விட்ச்சால டேப்லெட்டை இயக்குற வசதி) கீ அழுத்தத்தைத்தான் எடுத்துக்கும், மவுஸ் கிளிக்கை எடுக்காது.

ஆனா முதல் மாசம் டேப்லெட்டே வேண்டாம்னு சொல்வேன். லேப்டாப்ல பவர்பாயிண்ட் போதும், என்டர் அழுத்தினா அடுத்த ஸ்லைடு. கறுப்புப் பின்னணி, ஒரு ஸ்லைடுல ஒரே எழுத்து, ஸ்லைடு வந்ததும் ஒலி தானா வர்ற மாதிரி. முதல் அழுத்தம் ப, அடுத்து ட, அடுத்து ம், அதுக்கடுத்து "படம்" முழுசா, கூட ஒரு படம். கை நடுங்கி ரெண்டு தடவை அமுங்கினா ஸ்லைடு தாவிடும். விண்டோஸ்ல "ஃபில்டர் கீஸ்" போட்டு அடுத்தடுத்த அழுத்தங்களை விட்டுடச் சொல்லுங்க.

உயிர்மெய்:
குரல் பற்றி. தமிழில் ஒரே எழுத்துக்கு இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். "படம்" என்பதில் வரும் ட மெலிந்து ஒலிக்கும், "பட்டம்" என்பதில் வன்மையாக. "காகம்" சொல்லிப் பாருங்கள், முதல் ககரமும் இரண்டாவதும் ஒன்றில்லை. இயந்திரக் குரல் தனி ட-வை வன்மையாகச் சொல்லிவிட்டு, சொல்லில் மென்மையாகச் சொன்னால் பிள்ளைக்கு இரண்டும் ஒட்டாது. பேச்சு வரும் பிள்ளை தானே சொல்லிப் பார்த்துச் சரிசெய்து கொள்ளும். உங்கள் மாணவிக்கு அந்த வசதி இல்லை, காதில் விழுவதுதான் கணக்கு. ஆகவே ஒலியை நீங்களே பதிவு செய்யுங்கள். அந்தச் சொல்லில் எப்படி ஒலிக்குமோ அப்படியே: ப, (மெல்லிய) ட, ம். "ம்" என்பதை "இம்" என்று பதிவு செய்யாதீர்கள், உதடு மூடிய ஒலி மட்டும் போதும். பதிவின் தொடக்கத்தில் இருக்கும் மௌனத்தை வெட்டிவிடுங்கள். அரை நொடி தாமதம் இருந்தாலும் அழுத்தியது பலிக்கவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்துவாள்.

வரிசை: அ, ஆ என்று பன்னிரண்டையும் முடித்துவிட்டு மெய்க்குப் போனால், சொல் என்று ஒன்றைப் படிக்கவே மாதக்கணக்கு ஆகும். ப, ட, ம, புள்ளி. இவ்வளவு வைத்தே படம், மடம், பட்டம், மட்டம் வந்துவிடும். துணைக்கால் சேர்த்தால் பாடம், மாடம், மாமா, பாப்பா. பிறகு க: காகம், பக்கம், கட்டம். பிறகு ல: பால், கால், கல். இடையில் ய-வைக் கொண்டுவராதீர்கள், ப, ம, ய மூன்றும் பார்வைக்கு நெருக்கம். ல/ள/ழ, ர/ற, ன/ண ஜோடிகளை ஒரே வாரத்தில் வைக்கவே கூடாது.

கொம்பு வரும்போது ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அட்டையில் கொம்பு முன்னால் நிற்கும். தமிழ்99 போன்ற தட்டச்சு முறைகளில் க அடித்து, பிறகு எ அடிக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் பழக்கினால் குழப்பம்தான். கெ, கே, கொ, கோ முழு எழுத்தாகவே ஒரு அட்டை, ஒரு பட்டன். துண்டு போட வேண்டாம்.

மேலூர்_வளமையம்:
நன்றிங்க. ஸ்லைடு அழுத்தி அழுத்திப் போறது சரி, அவளுக்குத் தெரிஞ்சுதான் அழுத்துறாளான்னு எப்படிப் பார்க்கிறது? கரண்ட் போனா என்ன பண்றது?

கண்பலகை:
ரெண்டுக்கும் ஒரே பதில். சைன் போர்டு கடையில 3 மி.மீ. தெளிவான அக்ரிலிக், 60 × 45 செ.மீ. வெட்டச் சொல்லுங்க. நடுவுல உங்க முகம் தெரியற அளவுக்கு ஒரு சதுர ஓட்டை. ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்க, இல்லைன்னா கையைக் கிழிக்கும். நாலு மூலையில நாலு எழுத்து ஒட்டுங்க. அட்டையோட பின்பக்கம், உங்களைப் பார்த்து, அதே எழுத்தைச் சின்னதா எழுதி வைங்க. அந்தப் பக்கம் இடம் வலம் மாறும், அவசரத்துல தப்பா எண்ணிடுவீங்க. பலகையை அவ முகத்துக்கு நேரா பிடிச்சு "ம எங்கே?" கேட்டு, ஓட்டை வழியா அவ கண்ணை மட்டும் பாருங்க. மூலையைப் பார்த்துட்டு உங்களைத் திரும்பப் பார்த்தா அதுதான் பதில். ஒவ்வொரு கேள்விக்கும் இடத்தை மாத்துங்க. நீங்க சரியான மூலையைப் பார்க்காதீங்க! நம்ம கண்ணைப் படிக்கிறதுல இந்தப் பிள்ளைங்க கெட்டிக்காரங்க. நாலு மூலைன்னா தெரியாம குத்துமதிப்பா பார்த்தாலும் நாலுக்கு ஒண்ணு சரியா வரும், அதனால 10க்கு 8 வந்தாத்தான் தெரியும்னு எடுத்துக்கோங்க.

இதுக்கு முன்னாடி கண் பரிசோதனை கட்டாயம். மூளை முடக்குவாதத்தோட, கண் நல்லா இருந்தும் மூளை படத்தைப் பிரிச்சு அறியாத பார்வைக் குறை சேர்ந்து வர்றது உண்டு. அப்படின்னா கறுப்புல மஞ்சள் எழுத்து, சுத்தி எதுவும் கிடையாது, ஒரு நேரத்துல ஒண்ணோ ரெண்டோ. பள்ளியில கொடுக்கிற "எண்ணும் எழுத்தும்" பயிற்சி நூல் பக்கத்தை போட்டோ எடுத்து அப்படியே திரையில போடாதீங்க, ஒரே பக்கத்துல அத்தனை படம் இருந்தா அவளுக்கு வெறும் கலர்தான்.

பையனுக்கு நான் உயிர்மெய் சொன்ன வழியில போகமாட்டேன். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைங்களுக்குக் காதால பிடிக்கிறதைவிடக் கண்ணால பிடிக்கிறது பலம். முழுச் சொல்லா ஆரம்பிங்க, அவன் வாயில ஏற்கெனவே வர்ற சொல்: அம்மா, பால், பஸ். முதல்ல சொல்லட்டையைச் சொல்லட்டையோட பொருத்தணும், அப்புறம் நீங்க கேட்டதை எடுக்கணும், கடைசியாத்தான் அவனே சொல்லணும். எழுத்துப் பிரிக்கிறது அதுக்கப்புறம். காது டெஸ்டும் எடுத்துடுங்க, நடுக்காதுல நீர் கோக்கறது இவங்களுக்கு அடிக்கடி வரும்.

உயிர்மெய்:
முழுச் சொல் தொடக்கத்துக்குச் சரி. ஐம்பது சொல் தாண்டியும் எழுத்துக்கு வராவிட்டால் புதுச் சொல்லில் நின்றுவிடுவான். "பால்" தெரிந்ததும் பக்கத்திலேயே "கால்" வையுங்கள்.

மேலூர்_வளமையம்:
டேப்லெட்டுக்கு எப்போ மாறலாம்? ஓடிஜி (டேப்லெட்ல யூஎஸ்பி சொருகற இணைப்பு வயர்) சொருகினா சார்ஜ் போட முடியலையே, ப்ளூடூத் கீபோர்டு போர்டு எடுத்துக்கலாமா?

கம்பியும்_பட்டனும்:
ப்ளூடூத் வேலை செய்யும், ஆனா சில நிமிஷம் தொடாம விட்டா தூங்கிடும். எழுப்புறதுக்கான முதல் அழுத்தம் வீணாப் போகும். யோசிச்சு யோசிச்சு அழுத்துற பிள்ளைக்கு அதுவே போதும், அன்னைக்கு மறுபடி அழுத்தமாட்டா. வயரே இருக்கட்டும், ராத்திரி முழு சார்ஜ் போட்டு வைங்க.

பலகையில மூணு எழுத்து நிச்சயமானதும் மாறலாம். அணுகல்தன்மை பகுதியில சாம்சங்ல "யுனிவர்சல் ஸ்விட்ச்", இல்லாட்டி பிளே ஸ்டோர்ல கூகுளோட ஸ்விட்ச் ஆக்சஸ். தானியங்கி ஸ்கேன் போடுங்க: கட்டம் ஒவ்வொண்ணா தானா நகரும், வேண்டியது வரும்போது அவ ஸ்விட்ச்சை அமுக்கணும். ஒரு கட்டத்துக்கு 3 நொடி. திரையில 6 பட்டன் இருந்தா கடைசிப் பட்டனுக்கு 15 நொடி காத்திருக்கணும், அதுக்குள்ள கேள்வியே மறந்துபோகும். 3 பட்டன் போதும். காத்திருந்து அழுத்துறதே தனிப் பாடம், முதல் சில நாள் எழுத்துக்குப் பதிலா அவளுக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு, வெறும் கட்டம் ரெண்டு வச்சுப் பழக்குங்க. விளம்பரம் வர்ற இலவச ஆப் வேண்டாம், ஸ்கேன் விளம்பரத்து மேலயும் நிக்கும்.

அப்புறம் பேசறதுக்கும் ஆப் வேணும்னா சென்னைக்காரங்க செஞ்ச அவாஸ்ல தமிழ் இருக்கு. எழுத்துப் பாடத்தோட அதைக் கலக்காதீங்க, பேச்சுக்குன்னு தனியா, நாள் முழுக்கத் திறந்தே இருக்கட்டும்.