டேபிள் ரோஸ் மொட்டு விரியவே இல்லை, என்ன மருந்து அடிப்பது?

மாடித்தொட்டி:
அவசரமாக உதவி வேண்டும். அதிகம் கவனிக்கத் தேவையில்லாத செடி என்று கேள்விப்பட்டு டேபிள் ரோஸ் ஆறு தொட்டி வைத்தேன். மொட்டு நிறைய வருகிறது, ஒன்றுகூட விரிவதில்லை. அப்படியே சுருங்கிப் பிசுபிசு என்று ஆகிவிடுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்? இது சரிப்படாது என்றால், எளிதாக வளரும் வேறு பூச்செடி சொல்லுங்கள்.

வேர்ப்பிடிப்பு:
வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது? தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா? எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர்? இது தெரியாமல் மருந்து சொல்ல முடியாது.

இலைச்சுருள்:
இலைப்பேன்தான், சந்தேகமே இல்லை. போன வருடம் என் செம்பருத்தியில் மொட்டெல்லாம் இப்படித்தான் கருகி விழுந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். மாலையில் அடியுங்கள்.

வேர்ப்பிடிப்பு:
பூச்சியைக் கண்ணால் பார்க்காமல் ஏன் அடிக்க வேண்டும்? ஒரு வெள்ளைத்தாள் மேல் மொட்டை உதறிப் பாருங்கள். இலைப்பேன் இருந்தால் கீற்று மாதிரி மெல்லிய பூச்சிகள் தாளில் ஓடும்.

பழைய கை:
இங்கே வாரம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். கவனிக்கவே வேண்டாத செடி என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. செடியைப் பற்றி நாலு வரி படித்துவிட்டு வாங்கினால் இந்த இழைக்கே வேலை இல்லை. நைட்ரஜன் உரத்தை அள்ளிப் போட்டிருப்பார், வேறென்ன?

மாடித்தொட்டி:
உரம் எதுவும் போடவில்லை. வெயில் நன்றாக இருக்கிறது. தண்ணீர் தினமும் காலையும் மாலையும்.

மண்புழு:
இரண்டு வேளையா! அதன் இலையைக் கிள்ளிப் பாருங்கள், உள்ளே நீர்தான். தண்ணீரைத் தானே சேர்த்து வைத்துக்கொள்ளும் செடி அது. விரலை மண்ணில் விடுங்கள், ஓர் அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஈரம் தங்கினால் தண்டு அழுகிவிடும். மண்ணில் மணலும் கலந்திருக்க வேண்டும்.

வேறு செடி என்றால் நித்திய கல்யாணி வையுங்கள் சகோதரி. வெயிலும் தாங்கும், இரண்டு நாள் தண்ணீர் மறந்தாலும் தாங்கும், விதை தானே விழுந்து முளைக்கும். செடி முழுக்க நச்சு என்பதால் சின்னக் குழந்தை இருந்தால் கை எட்டாத இடத்தில் வையுங்கள். புற்றுநோய்க்குத் தரும் வின்கிறிஸ்டின் இந்தச் செடியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

செம்மண்:
சாமந்தியும் சுலபம். விதை போட்டால் இரண்டு மாதத்தில் பூ.

பழைய கை:
சாமந்தி சுலபமா? அது இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். பக்கத்தில் ராத்திரி முழுக்க விளக்கு எரிந்தால் வெறும் இலையாக நிற்கும். தெரியாததைச் சொல்லாதீர்கள்.

செம்மண்:
நான் சொன்னது செண்டுமல்லி ஐயா. எங்கள் வீட்டில் அதையும் சாமந்தி என்றுதான் சொல்வோம். காய்கறிப் பாத்தியில் நட்டால் வேர் நூற்புழுவையும் விரட்டும்.

பழைய கை:
இரண்டும் வேறு வேறு செடி. பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். நூற்புழுவும் ஓரத்தில் நாலு செடி நட்டால் போய்விடாது, பாத்தி முழுக்க நெருக்கமாக இரண்டு மூன்று மாதம் வளர வேண்டும்.

இலைச்சுருள்:
அது உண்மை. ஆனால் பெயருக்கு ஏன் இவ்வளவு சண்டை? ஆளுக்கொரு பெயர் சொல்வதுதானே வழக்கம்.

நிழல்முற்றம்:
பெயர் என்றதும் தோன்றியது. டேபிள் ரோஸ் ரோஜாவே இல்லை. எங்கள் பாட்டி அதைப் பத்துமணிப்பூ என்பார். நல்ல வெயில் ஏறி, ஏறக்குறைய பத்து மணிக்கு விரியும், பிற்பகலில் மூடிவிடும். ஒரு பூவுக்கு ஒரே நாள்தான் ஆயுசு, மறுநாள் சுருங்கிக் குழைந்து கிடக்கும். மேகமூட்டம் என்றால் விரியவே விரியாது. மாடித்தொட்டி, நீங்கள் செடியை எத்தனை மணிக்குப் பார்க்கிறீர்கள்?

மாடித்தொட்டி:
காலை ஏழு மணிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வேலைக்குப் போவேன். திரும்பி வர ஆறரை ஆகும்.

வேர்ப்பிடிப்பு:
இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பூ பூத்து மூடிய பிறகுதான் நீங்கள் வீட்டுக்கு வருகிறீர்கள். விடுமுறை நாளில் பகலில் ஒரு முறை பாருங்கள்.

நிழல்முற்றம்:
அந்திமந்தாரை வையுங்கள். மாலை நாலு, ஐந்து மணிக்கு விரிந்து காலை வரை இருக்கும், வாசனையும் உண்டு. மிளகு மாதிரி கறுப்பு விதை. மண்ணுக்குள் கிழங்கு வைப்பதால் மேலே காய்ந்தாலும் துளிர்க்கும். விதையும் கிழங்கும் நச்சு, அதை மட்டும் மறக்காதீர்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பூ எனக்குத் தெரியவில்லை.

மண்புழு:
அப்படியே இருந்தாலும் தினம் இரண்டு வேளைத் தண்ணீரை நிறுத்துங்கள்!

மாடித்தொட்டி:
ஞாயிறு பதினொரு மணிக்குப் பார்த்தேன். ஆறு தொட்டியிலும் பூ. மருந்து அடிக்கவில்லை. அந்திமந்தாரை விதை கிடைத்தது, ஊன்றிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

வேர்ப்பிடிப்பு:
மகிழ்ச்சி. விதையை எவ்வளவு ஆழத்தில் ஊன்றினீர்கள்? அரை அங்குலம் போதும்.

வேர்ப்பிடிப்பு:
மாடித்தொட்டி, தொட்டியில் ஓட்டை இருக்கிறதா என்று கேட்டிருந்தேனே?