போர்ச்சுகல்ல லிஸ்பன் பக்கத்து மலை ஊர் சிந்த்ரா போறதுக்கு முன்னாடி: குடும்பக் குழு, வியாழன் இரவு

ஆனந்தி, 7:42
நாளைக்கு ஏழு பேருக்கும் டிக்கெட் எடுத்தாச்சு, பிரபு போன்ல இருக்கு. மலை மேல இருக்கற பெனா அரண்மனை டிக்கெட்ல 10:00ன்னு போட்டிருக்கும். அது தோட்டத்து கேட்டுக்கான நேரம் இல்ல, அரண்மனை வாசலுக்கான நேரம். கேட்ல இருந்து வாசல் வரைக்கும் ஒரே ஏத்தம், அதுக்கே அரை மணி ஒதுக்கணும். தாமதமா போனா உள்ள விடமாட்டாங்க. பத்து மணி டிக்கெட்டுன்னு பத்து மணிக்கு கேட்ல வந்து நிக்கறதுதான் அங்க எல்லாரும் பண்ற தப்பு.

விமலா அத்தை, 7:45
அப்ப காலைல எத்தனை மணிக்கு கிளம்பணும்?

பிரபு, 7:47
7:45க்கு லிஸ்பன் ரோசியோ ஸ்டேஷன் வாசல்ல இருக்கணும் அத்தை. வாசல் ரோட்டு மட்டத்துல இருக்கும், ரயில் மேல் மாடில நிக்கும். எஸ்கலேட்டர்ல ஏறிப் போறதுக்கு அஞ்சு நிமிஷம் சேர்த்துக்குங்க. ரயில் 40 நிமிஷம். கடைசி ஸ்டேஷன்தான் சிந்த்ரா. அதுக்கு முந்தினது போர்த்தெலா த சிந்த்ரா. பேர்ல சிந்த்ரா இருக்குன்னு அங்க இறங்கிடாதீங்க.
ஆளுக்கு ஒரு ரயில் கார்டு வேணும், ஒரே கார்டை ரெண்டு பேர் தேய்க்க முடியாது. உள்ள போகும்போதும் தேய்க்கணும், வெளிய வரும்போதும் தேய்க்கணும், அதனால தூக்கிப் போட்டுடாதீங்க.

விமலா அத்தை, 7:51
ஊருக்குள்ளயே ஒரு அரண்மனை இருக்காமே. அதைப் பாத்துட்டு மெதுவா மேல போகக் கூடாதா?

ஆனந்தி, 7:58
கூடாது அத்தை, காரணம் சொல்றேன். மலைக்குப் போற ரோடு குறுகல், ஒருவழி. 434 பஸ் ஸ்டேஷன்ல கிளம்பி, ஊர் நடுவுல நின்னு, மூர் கோட்டை, அப்புறம் பெனா, அங்கிருந்து கீழன்னு ஒரே பக்கமா சுத்தும். பதினோரு மணிக்கு மேல லிஸ்பன்ல இருந்து வர்ற கூட்டம் மொத்தமும் அந்த பஸ்ஸுக்குத்தான் வரிசைல நிக்கும். ஊர் அரண்மனைக்கு மத்தியானம் போனாலும் அவ்வளவு நெரிசல் இருக்காது.
காலைல மலை மேல மூடுபனி இருக்கும்னு சொல்வாங்க. இருக்கும்தான். அட்லாண்டிக் காத்து ஈரத்தோட வந்து முதல்ல முட்டற மலை இது. மேல ஏற ஏற அந்தக் காத்து குளிர்ந்து மேகமாகிடும். லிஸ்பன்ல வெயில் அடிக்கிற அன்னைக்கே இங்க ஸ்வெட்டர் கேக்கும். அதனாலதான் அரண்மனை உள்ளறைகளை முதல்ல பாக்கறோம். உள்ள சுத்தி முடிக்கறதுக்குள்ள பெரும்பாலும் பனி விலகிடும், மொட்டை மாடிச் சுத்துக்கு அப்புறமா போகலாம்.

சண்முகம் மாமா, 8:06
பெனாவைப் பத்தி ஒரு குறிப்பு, நாளைக்கு அங்க நிக்கும்போது நேரம் மிச்சமாகும். சிவப்பும் மஞ்சளுமா இருக்கே, அது சும்மா அழகுக்காக அடிச்ச வண்ணம் இல்ல. சிவப்புப் பகுதி பழைய மடம். 16ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல மனுவேல் மன்னர் ஜெரோம் சபைத் துறவிகளுக்குக் கட்டிக் கொடுத்தது. 1755 பூகம்பத்துல இடிஞ்சது. 1834ல போர்ச்சுகல்ல துறவு மடங்களையே கலைச்சுட்டாங்க, இது பாழாக் கிடந்தது. 1838ல ராணி ரெண்டாம் மரியாவோட கணவர் ஃபெர்டினாண்ட் இதை விலைக்கு வாங்கினார். மடத்தை இடிக்கல, பழுது பாத்தார். பக்கத்துல மஞ்சள் அரண்மனையைப் புதுசா எழுப்பினார். வேலையைப் பாத்தது எஷ்வேகேங்கற ஜெர்மன்காரர், சுரங்கத்துறை ஆள்.
உள்ள தேவாலயத்துல அலபாஸ்டர் கல்லுல செதுக்கின பீடம் ஒண்ணு இருக்கு. சிற்பி நிக்கோலா ஷாந்தெரேன் 1529ல இருந்து 1532 வரைக்கும் செஞ்சது. எல்லாரும் அதைத் தாண்டி பால்கனிக்கு ஓடுவாங்க. நீங்க நில்லுங்க.

தருண், 8:09
தாத்தா, மூர் கோட்டைக்கும் போறோம்தானே?

ஆனந்தி, 8:15
முட்டி நல்லா இருக்கறவங்க மட்டும். கோட்டை பெனா கேட்ல இருந்து கொஞ்ச தூரம் கீழ, நடந்தே போயிடலாம். ஆனா மதில் மேல முழுக்கப் படிக்கட்டு, உள்பக்கம் பல இடத்துல கைப்பிடி கிடையாது. எதிர்ல ஆள் வந்தா ஒருத்தர் நின்னு வழி விடணும். காத்து பலமா இருந்தா மதில் மேல விடமாட்டாங்க.
அத்தையும் பெரியம்மாவும் பெனா வாசல்லயே 434 ஏறி கீழ போயிடுங்க. கோட்டை ஸ்டாப்ல போய் நிக்காதீங்க, அங்க வர்ற பஸ் திரும்ப மேல பெனாவுக்குத்தான் போகும். கீழ ஸ்டேஷன்ல இறங்கினா ஊர் நடு ஒரு கிலோமீட்டர், பெருசா ஏத்தம் இல்லாத ரோடு, வழியில மூரிஷ் நீரூற்று வரும். நாங்க கோட்டைல இருந்து சாந்தா மரியா பாதைல இறங்கி வந்துடுவோம்.

சண்முகம் மாமா, 8:19
மூர்கள்ங்கற முஸ்லிம்கள் கையில இருந்த லிஸ்பன் 1147ல விழுந்ததும், அவங்களோட இந்தக் கோட்டை சண்டை போடாமலே போர்ச்சுகலோட முதல் மன்னர் அஃபோன்சோ என்ரிக்கேஸ்கிட்ட சரணடைஞ்சது. இப்ப நிக்கிற மதில்ல நிறைய 19ஆம் நூற்றாண்டுல ஃபெர்டினாண்ட் எடுத்துக் கட்டினது. அசலைப் பாக்கணும்னா தானியக் குழியையும் தண்ணித் தொட்டியையும் பாருங்க.

விமலா அத்தை, 8:22
மொன்செராத் அரண்மனை, ரோக்கா கடல்முனையெல்லாம் பட்டியல்ல இருந்துச்சே?

ஆனந்தி, 8:24
நாளைக்கு இல்ல அத்தை. அதையும் சேர்த்தா பஸ் ஜன்னலைத்தான் பாப்போம்.

பிரபு, 8:25
மத்தியானச் சாப்பாடு?

ஆனந்தி, 8:31
1:15க்கு ஊர் அரண்மனை முன்னாடி சந்திச்சு, சந்துக்குள்ள எங்கயாவது சூப்பும் ரொட்டியும். ருவா தஸ் பதாரியாஸ் சந்துல 1862ல இருந்து நடக்கிற பிரிக்கீத்தா கடை இருக்கு. அங்க ட்ராவஸேய்ரு வாங்குங்க: தலையணை வடிவ அடுக்கு பப்ஸ், உள்ள பாதாமும் முட்டைக் கருவும் சேர்ந்த பாகு, மேல சர்க்கரை. சூடா இருக்கும்போதே சாப்பிடணும், ஆறினா அடுக்கு தொய்ஞ்சு போயிடும். கெய்ஜாடா வேற: மெல்லிசான மொறுமொறு கிண்ணத்துக்குள்ள புதுப் பாலாடைக்கட்டி, சர்க்கரை, மஞ்சள் கரு, பட்டை. அது ஆறினாலும் கெடாது, லிஸ்பனுக்குக் கொண்டுபோக அதுதான் சரி. ரெண்டுலயும் முட்டை இருக்கு, பெரியம்மாவுக்கு ஆகாது. அவங்களுக்குப் பழம் தனியா எடுத்துக்கறேன்.

ஆனந்தி, 8:44
இப்ப ஊர் அரண்மனை. ரெண்டு வெள்ளைக் கூம்பு ஊருக்கு மேல நிக்குமே, அதுதான், 33 மீட்டர். பலபேர் வெளிய போட்டோ எடுத்துட்டுப் போயிடறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம். பெனா ஒருத்தரோட கனவு. இது பல நூற்றாண்டு மன்னர்கள் மாத்தி மாத்திக் கட்டி வாழ்ந்த வீடு.
அந்தக் கூம்புதான் சமையலறையோட புகைபோக்கி. அடுப்படில நின்னு மேல பாருங்க, கூரையே இருக்காது, சுவரே குறுகிக் குறுகிப் புகைபோக்கியா மாறியிருக்கும். வேட்டையாடின மிருகங்களை முழுசா சுட்டுப் பெரிய விருந்து வைக்கிற இடத்துல புகை வெளிய போக அது தேவை.
அன்ன மண்டபத்துல விதானத்துல 27 அன்னம். அடுத்த மண்டபத்துல 136 மேக்பை பறவை, ஒவ்வொண்ணும் ‘போர் பெங்’ன்னு எழுதின சீட்டு வெச்சிருக்கும், ‘நல்லெண்ணத்தோட’ன்னு அர்த்தம். மன்னர் முதலாம் ஜோவாவ் ஒரு சேடிக்கு முத்தம் கொடுக்கறப்ப ராணிகிட்ட மாட்டிக்கிட்டார், வம்பு பேசின சேடிகளைத்தான் பறவையா வரைய வெச்சார்னு கதை. கதையாவே எடுத்துக்குங்க.
சுவர் ஓடுகளைக் கிட்டப் போய்ப் பாருங்க, தொட வேண்டாம். பழைய ஓடுகள்ல கோட்டுக்குக் கோடு சின்ன வரப்பு எழும்பி நிக்கும். சூளைல வேகும்போது ஒரு நிறம் இன்னொண்ணோட கலக்காம இருக்க அச்சுலயே போட்ட வரப்பு. கேடய மண்டபத்துக்குப் போனா ஓடு வழவழன்னு நீலமும் வெள்ளையுமா இருக்கும், வேட்டைக் காட்சி. அது 18ஆம் நூற்றாண்டு, தூரிகையால வரைஞ்சது. அங்க அண்ணாந்து பாத்தா 72 பிரபுக் குடும்பங்களோட சின்னம்.

சண்முகம் மாமா, 8:50
மன்னர் ஆறாம் அஃபோன்சோவோட அறையை விட்டுட்டியேம்மா. தம்பியே ஆட்சியைப் பிடிச்சு அவரை அந்த அறைல அடைச்சு வெச்சார், 1683ல சாகற வரைக்கும்.

தருண், 8:52
அக்கா, அந்தக் கிணறு எப்ப?

ஆனந்தி, 9:01
கிணறு ரெகலெய்ரா மாளிகைத் தோட்டத்துல இருக்கு, அதுக்கு 4:30 டிக்கெட். ஊர்ல இருந்து பத்து நிமிஷ நடை, நடைபாதை குறுகல், ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வாங்க. கிணறு 27 மீட்டர் ஆழம், ஒன்பது தளமா சுத்திச் சுத்தி இறங்கும். அதுல யாரும் தண்ணி இறைச்சதில்ல, தலைகீழா மண்ணுக்குள்ள கட்டின கோபுரம்னு நினைச்சுக்கோ. பிரேசில்ல பிறந்த கோடீஸ்வரர் கர்வால்யோ மொன்தெய்ரோவுக்காக லூயிஜி மனீனி வடிவமைச்சது. அவர் நாடக மேடைக்குக் காட்சி வரையறவர், அதான் அங்க ஒவ்வொரு திருப்பமும் திரை விலகற மாதிரி இருக்கும்.
மேல இருந்து கீழ மட்டும்தான் விடுவாங்க. கீழ சுரங்கம், இருட்டு, தலை இடிக்கும். போன் டார்ச்சை முன்னாடியே போட்டுக்கோ. குளத்துக்கிட்ட மிதிகல் வழுக்கும், அங்க செல்ஃபி வேண்டாம்.
எல்லாருக்கும்: ரப்பர் அடி ஷூ. ஊர்த் தெருக்கல் சுண்ணாம்புக் கல், தேய்ஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும், பனி பட்டா இன்னும் மோசம். தோல் செருப்பு வேண்டாம் மாமா.

சண்முகம் மாமா, 9:08
சரிம்மா. ரெகலெய்ரா தாண்டி மொன்செராத் ரோட்டுல பென்யா வெர்த் தோட்டம் வரும், தனியார் சொத்து, உள்ள போக முடியாது. கோவால போர்ச்சுகலோட வைஸ்ராயா இருந்து 1548ல இறந்த ஜோவாவ் த காஸ்த்ரோவோட இடம். குஜராத் சோமநாதத்துச் சமஸ்கிருதக் கல்வெட்டு ஒண்ணு அங்க வந்து சேர்ந்தது. 1287ஆம் வருஷத்துது. திரிபுராந்தகர்ங்கற பாசுபத சைவத் துறவி கேதாரம் தொடங்கி ராமேஸ்வரம் வரைக்கும் யாத்திரை போனதையும், சோமநாதத்துல அஞ்சு கோயில் கட்டினதையும் சொல்லுது. நம்ம ராமேஸ்வரத்தோட பேர் இந்த மலை வரைக்கும் வந்திருக்கு. ரோட்டுல நின்னு மதிலையாவது பாத்துட்டு வரணும்.

ஆனந்தி, 9:10
ரெகலெய்ரா முடிஞ்சு வெளிச்சம் இருந்தா நானே கூட்டிட்டுப் போறேன் மாமா. நடந்து போற தூரம்தான்.

விமலா அத்தை, 9:12
ஃப்ளாஸ்க்ல சுக்குக் காப்பி போட்டு எடுத்துட்டு வரேன்.

பிரபு, 9:13
7:45. ரோசியோ. கார்டு இல்லாதவங்க இப்பவே சொல்லுங்க.

தருண், 9:13
என்கிட்ட இல்ல