எக்ஸெல் பின்னணிப் படம் பெரிய திரையில் இரண்டாகத் தெரிகிறது

கேள்வி: எங்கள் கல்யாண மண்டபத்தின் முன்பதிவுத் தாளுக்குப் பின்னணியாக அப்பா ஆசையாக எடுத்த மண்டபப் படத்தை வைத்தேன். என் 1366×768 மடிக்கணினியில் சரியாக நிற்கிறது. அலுவலகத்தின் 1920×1080 திரையில் வாசல் வளைவு ஓரத்தில் மறுபடி முளைக்கிறது. பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

பதில்: பேஜ் லேஅவுட்டில் வைக்கும் பேக்ரவுண்ட் திரைக்கேற்ப நீளாது. தரையில் ஓடு பதிப்பதுபோல் அடுத்தடுத்து வரும். அச்சிலும் வராது. அதை நீக்கிவிட்டு, இன்செர்ட் வழியாகப் படத்தைச் சேருங்கள். அப்புறம் தாளில் திரை நிறையத் தெரிய வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்து, வியூவில் ‘ஜூம் டு செலக்‌ஷன்’ அழுத்துங்கள். அந்தப் பகுதி திரைக்குப் பொருந்தும் அளவுக்கு மாறும். ஒவ்வொரு திரையிலும் ஒருமுறை அழுத்த வேண்டும்.

கேட்டவர்: செய்தேன், ஆனால் படம் தேதிகளை மறைக்கிறது.

பதில்: மேலே ஆறு வரிசைகளைக் காலியாக விட்டு, படத்தை அங்கே வையுங்கள். எழுத்துக்குப் பின்னால் படம் இருந்தால் தேதி படிக்கக் கண் வலிக்கும்.

கேட்டவர்: சரியாக வந்துவிட்டது. அப்பாவிடம் காட்டினேன், நன்றி.