ஏப்ரல் 25, ஹெல்ஃபயர் கணவாய்: நம் தாத்தாக்களுக்கும் அங்கே இடம் கேட்கலாமா?

சுங்கை சிப்புட் பேரன்:
இந்த ஆண்டு தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போயிருந்தேன். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களுக்கான அன்சாக் நாள் அஞ்சலி, இரண்டாம் உலகப் போரில் போர்க் கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வைத்து ஜப்பானியர் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட சயாம் ரயில் பாதைக்காகக் குடைந்த ஹெல்ஃபயர் கணவாயில் விடியுமுன் நடக்கிறது. இருட்டில் படியிறங்கிப் பாறைச் சுவர்களுக்கு நடுவே நின்றோம். எக்காளம் ஊதி ஓய்ந்த பிறகு ஒருவர்கூட இருமவில்லை. உரையில் ஆசியத் தொழிலாளர்களைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் வந்து போனது.

என் தாத்தாவின் அண்ணன் 1943இல் மலாயாவில் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து லாரியில் ஏற்றப்பட்டவர். திரும்பவே இல்லை. போர்க் கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவானியர் என்று தொழிலாளர்களில் மாண்டவர்கள் 90,000 பேர் வரை இருக்கலாம் என்பது கணிப்பு. அந்த அஞ்சலியில் நம்மவர்களுக்கும் ஒரு மலர்வளையமும் தமிழில் நான்கு வரிகளும் கேட்டுப் பெற வேண்டும்.

மெல்பர்ன் மங்கை:
தம்பி, உங்கள் வேதனை எனக்கும் உண்டு. கோரிக்கைதான் தவறு. அந்த நாள் முதல் உலகப் போரில், 1915இல் துருக்கியின் கலிப்போலியில் கரையிறங்கியவர்களை நினைத்துத் தொடங்கியது. அந்த ரயில் பாதையில் மட்டும் ஏறத்தாழ 2,800 ஆஸ்திரேலியர்கள் இறந்தார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விமானம் ஏறி அழ வருகிறார்கள். சாவு வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, எங்கள் வீட்டிலும் சாவு விழுந்ததே என்று பேச்சைத் திருப்புவோமா?

இன்னொன்று. 1943இல் சிங்கப்பூரின் சாங்கி கைதி முகாமிலிருந்து கே, எல் என்ற இரண்டு மருத்துவ அணிகளை ஜப்பானியர் அனுப்பினார்கள். கைதிகளான அந்த மருத்துவர்களும் உதவியாளர்களும் நம் ஆட்களின் முகாம்களில் வாந்திபேதிக்காரர்களைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களிலும் பலர் அங்கேயே செத்தார்கள். அந்த மனிதர்களின் அஞ்சலியில் உரிமைக் குரல் எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

சுங்கை சிப்புட் பேரன்:
அக்கா, இங்கே இரண்டு சாவு வீடு எங்கே இருக்கிறது? அதே 415 கிலோமீட்டர், அதே மழை, அதே வாந்திபேதி. காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தின் நுழைவாயிலைப் பார்த்தீர்களா? தாய்லாந்தின் முஸ்லிம் இடுகாடுகளில் புதைக்கப்பட்டு, பராமரிக்க முடியாமல் போன இந்தியப் படை வீரர்கள் 11 பேரின் பெயர்களை அங்கே பொறித்திருக்கிறார்கள். உள்ளே கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள். புல் ஒரு விரல் அதிகம் வளர விடுவதில்லை. சீருடை போட்டவனுக்கு இவ்வளவு. கோவணத்தோடு மண் சுமந்தவனுக்கு ஒரு வாக்கியமா?

ஓய்வுபெற்ற வாத்தியார், ஈப்போ:
கோபம் நியாயம், ஆனால் அது போக வேண்டிய திசை வேறு. அந்த 7,000 கல்லறைகள் எப்படி வந்தன? கைதிகள் உயிரைப் பணயம் வைத்து இறந்தவர்களின் பட்டியலை மறைத்து வைத்தார்கள். 1945இல் ஒரு குழு பாதை நெடுகப் போய்ப் புதைகுழிகளைத் தேடியது. நம்மவர்களுக்குப் படைப்பிரிவும் இல்லை, பதிவேடும் இல்லை. எங்கள் தோட்டத்தில் எல்லார் பெயரும் தெரிந்த ஒரே ஆள், கணக்கு எழுதிய கிராணி. அவரையும் கொண்டுபோனார்கள். காஞ்சனபுரியில் தமிழ் எழுத்துள்ள பழைய நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. 1944இல் அதைக் கட்டியவர்கள் வேலை வாங்கிக் கொன்ற ஜப்பானியரே. போருக்குப் பிறகு நாம் எத்தனை பேர் அங்கே போனோம்? நானே அறுபது வயதுக்குப் பிறகுதான் போனேன்.

திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை இருக்கிறது. அதையே நம் நாளாக வைத்துக்கொள்ளலாம்.

காஜாங் ஸ்டெல்லா:
ஐயா, மன்னிக்க வேண்டும். எங்கள் பாட்டியின் தம்பி ஞானஸ்நானம் பெற்றவர். அவரோடு போனவர்களில் மலாய்க் கிராமத்துப் பிள்ளைகளும் உண்டு. அமாவாசை என்றால் அவர்கள் வீட்டார் எப்படி வருவார்கள்? பாதை இணைந்தது 1943 அக்டோபரில். அந்த மாதத்தில் ஒரு ஞாயிறு போதுமே.

ஓய்வுபெற்ற வாத்தியார், ஈப்போ:
அம்மா, நீங்கள் சொன்னது சரி. அமாவாசையை விட்டுவிடுகிறேன்.

மெல்பர்ன் மங்கை:
கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் வாட் தாவோர்ன் வராராம் கோயில் இருக்கிறது. தோண்டியெடுத்த தொழிலாளர் எலும்புகளுக்கு அங்கே ஒரு நினைவுச் சின்னம் உண்டு. தம்பி, அடுத்த ஏப்ரலில் நானும் வருகிறேன். விடியற்காலையில் கணவாயில் வாய் திறக்காமல் நிற்போம். பிறகு காஞ்சனபுரிக்குத் திரும்பிக் கோயிலுக்குப் போவோம். அங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தமிழில் பேசலாம்.

சுங்கை சிப்புட் பேரன்:
வாய் திறக்காமல் நிற்பதை என்னால் ஏற்க முடியாது, அக்கா. தூதரகத்துக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். அதைத் திரும்பப் பெறப்போவதில்லை. ஆனால் கோயிலுக்கு நிச்சயம் வருகிறேன். பெரிய தாத்தாவின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் அட்டையில் எழுதி எடுத்து வருவேன். உங்கள் வீடுகளில் யார் பெயராவது நினைவில் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். முழுப் பெயர் தெரியாவிட்டால், வீட்டில் கூப்பிட்ட பெயர் போதும்.