கல்லூரி மலர் அட்டை: எழுத்து உடைகிறது, நிறம் மங்குகிறது, பிரஸ்காரர் ப்ளீட் கேட்கிறார்

கடைசிபெஞ்ச்:

எங்கள் கல்லூரி ஆண்டு மலருக்கு இந்த வருஷம் அட்டை செய்யும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. படிப்பது இயற்பியல் இரண்டாம் ஆண்டு. ஒரு பிறந்தநாள் பேனர் செய்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன், அதைப் பார்த்துவிட்டு "உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே" என்று பெயரை எழுதிவிட்டார்கள். இன்னும் 12 நாள் இருக்கிறது.

படம் நன்றாக அமைந்துவிட்டது. சாயங்காலம் ஆறரை மணி, நூலகத்துக்கு முன்னால் பெரிய வேப்பமரம், அதன் கீழே சிமெண்ட் பெஞ்சில் மூன்று பேர், பின்னால் ஊதாவும் நீலமுமாக வானம். போட்டோஷாப்பில் வானத்தின் நிறத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன், திரையில் அள்ளுகிறது. ஜெராக்ஸ் கடையில் ஒரு கலர் பிரிண்ட் எடுத்துப் பார்த்தால் அதே வானம் அழுக்குத் தண்ணீர் மாதிரி வருகிறது.

அடுத்தது எழுத்து. மலரின் பெயர் "பொ" என்று ஆரம்பிக்கும் (முழுப் பெயர் வேண்டாம், எந்தக் கல்லூரி என்று கண்டுபிடித்துவிடுவீர்கள்). ஆய்வகத்தில் இருக்கும் போட்டோஷாப் சிஎஸ்6-இல் தட்டினால் கொம்பு ஒரு பக்கம், ப ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம் ஒன்று. வீட்டு லேப்டாப்பில் கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருள் மட்டும்தான் இருக்கிறது.

பிரஸ்ஸுக்கு போன் செய்தால் "ரேப்பருக்கு ப்ளீட் விட்டு, முதுகு சேர்த்து, சிஎம்ஒய்கேவில் அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ரேப்பர் என்றால் அட்டையாம், அது மட்டும்தான் புரிந்தது. உள்ளே 96 பக்கம், ஏ4 அளவு, பர்ஃபெக்ட் பைண்டிங் (முதுகில் பசை தடவி அட்டை ஒட்டுவது). இது போதாதென்று முதல்வர் படம், தாளாளர் படம், கல்லூரிச் சின்னம், துறைகளின் பெயர் எல்லாம் முன்னட்டையில் வர வேண்டுமாம். எங்கிருந்து ஆரம்பிப்பது?

அச்சுமை:

தம்பி, 17 வருஷமாக ஆஃப்செட் பிரஸ்ஸில் இருக்கிறேன், ஜூன் ஜூலை வந்தால் கல்லூரி மலர் ரேப்பர்கள் வரிசையில் நிற்கும், அதில் பாதியைத் திருப்பி அனுப்புவது இந்த அளவு விஷயத்துக்காகத்தான். அதனால் முதலில் அளவைப் பார்ப்போம், அழகு அப்புறம்.

அட்டையை முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு கோப்பாகச் செய்யாதே. பின்னட்டை, முதுகு, முன்னட்டை மூன்றும் ஒரே விரிப்பு. இடது பாதி பின்னட்டை, வலது பாதி முன்னட்டை. ஏ4 என்றால் 210க்கு 297 மி.மீ. 96 பக்கம் என்றால் 48 தாள், 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) மேப்லித்தோ காகிதம் ஒரு தாள் சுமார் 0.1 மி.மீ. கனம் வரும், ஆக முதுகு 5 மி.மீ. அருகில். இது என் கணக்கு, நீ நம்ப வேண்டியது பிரஸ்காரர் தரும் டம்மியை. அதே தாளில் 48 எடுத்து அமுக்கிப் பிடித்து ஸ்கேல் வைத்து அளந்து கொடுப்பார், கேட்டு வாங்கு. 5 என்றே வைத்துக்கொண்டால் மொத்தம் 425க்கு 297.

அடுத்து ப்ளீட். அச்சாகி, மடித்து, ஒட்டி, கடைசியில்தான் கட்டிங் மிஷினுக்குப் போகும். கட்டு கட்டாக வெட்டும்போது கத்தி அரை மி.மீ., ஒரு மி.மீ. நகரத்தான் செய்யும். உன் வானம் சரியாக ஓரத்தோடு முடிந்திருந்தால் அந்த இடத்தில் வெள்ளைக் கோடு தெரியும். அதனால் நாலு பக்கமும் படத்தை 3 மி.மீ. கூடுதலாக ஓடவிடு, அதுதான் ப்ளீட். இப்போது அளவு 431க்கு 303 மி.மீ., 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 5091க்கு 3579 பிக்சல். கேன்வாஸ் திறக்கும்போதே இந்த அளவில் திற. எழுத்தையும் முகத்தையும் வெட்டுக்கோட்டிலிருந்து உள்ளே குறைந்தது 5 மி.மீ. தள்ளி வை.

வானம் மங்குவது பிரிண்டரின் குற்றம் மட்டும் இல்லை. திரை வெளிச்சத்தில் நிறம் காட்டுகிறது, நாங்கள் சயான் (வெளிர்நீலம்), மெஜந்தா (இளஞ்சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்று நாலு மையில் காட்ட வேண்டும், அதுதான் சிஎம்ஒய்கே, திரையில் கண்ணைப் பறிக்கும் ஊதா, நியான் பச்சை எல்லாம் அந்த நாலு மைக்குள் கிடையவே கிடையாது. போட்டோஷாப்பில் கன்ட்ரோல் ஒய் அழுத்து, அச்சில் ஏறக்குறைய எப்படி வரும் என்று காட்டும். ஷிஃப்ட் கன்ட்ரோல் ஒய் அழுத்தினால் அச்சில் வராத நிறங்கள் சாம்பல் திட்டாகத் தெரியும். உன் வானத்தில் பாதி சாம்பலாகும், இப்போதே சொல்கிறேன். அந்தத் திட்டு குறையும் வரை நிறத்தின் அடர்த்தியை இறக்கு. நீலம் ஊதாவுக்கு ஓடிவிடாமல் இருக்க, சயானைவிட மெஜந்தா 30 சதவீதமாவது குறைவாக இருக்கட்டும்.

கறுப்பில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஆர்ஜிபியில், அதாவது திரைக்கான நிற முறையில், கறுப்பு எழுத்து போட்டு அப்படியே சிஎம்ஒய்கேவுக்கு மாற்றினால் அது நாலு மையாகப் பிரிந்துவிடும், பிளேட் ஒன்று இம்மி விலகினாலும் எழுத்தைச் சுற்றிச் சிவப்போ நீலமோ நிழல் அடிக்கும். சின்ன எழுத்து எல்லாம் கே 100, அதாவது கறுப்பு மை மட்டும். பெரிய கறுப்புப் பரப்பு வேண்டுமென்றால் சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 போதும். நாலும் 100 போட்டு அனுப்பினான் ஒரு பையன், மை காயாமல் மேல் தாளின் முதுகில் ஒட்டி, ஒரு ரீம் ஆர்ட் போர்டு வீண்.

ஜெராக்ஸ் கடை லேசர் பிரிண்டை வைத்து நிறத்தை முடிவு செய்யாதே. பிரஸ்ஸில் புரூஃப், அதாவது மாதிரி அச்சு கேள். மேட் லேமினேஷன் என்றால் இன்னும் ஒரு பிடி மங்கும், அதையும் கணக்கில் வை.

நிழற்குடை:

எழுத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

கொம்பு பிரிவது ஃபாண்டின் கோளாறு இல்லை. யூனிகோடில் "பொ" என்பது ப-வும் ஒரு உயிர்க்குறியும்தான், அதைப் பிரித்துக் கொம்பை முன்னால், காலைப் பின்னால் வைக்கும் வேலையை மென்பொருள் செய்ய வேண்டும், பழைய போட்டோஷாப்புக்கு அது தெரியாது. அதற்குப் பின் வந்த பதிப்புகளில் பிரெஃபரன்சஸுக்குள் டைப் பகுதியில் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் என்றோ வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்றோ இருந்தது, அதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும், 2022 பதிப்பிலிருந்து அந்தத் தேர்வு இல்லாமலே வரும். உங்கள் சிஎஸ்6-ஓடு மல்லுக்கட்ட வேண்டாம். வீட்டில் இருக்கிற கிம்ப் தமிழை ஒழுங்காகக் காட்டும். அதைவிட நல்லது இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள், அதுவும் இலவசம்தான். அதில் பெயரைத் தட்டி, ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்து எழுத்தை வடிவமாக மாற்றி, பிடிஎஃபாகச் சேமித்து ஆய்வகத்துக்கு எடுத்துப் போய் போட்டோஷாப்பில் பிளேஸ் செய்யுங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு உடையாது, பிரஸ்ஸில் அந்த ஃபாண்ட் இருக்கிறதா என்ற கேள்வியும் வராது.

யாராவது பாமினியில், அதாவது யூனிகோடு அல்லாத பழைய ஃபாண்டில், அடித்துவிடச் சொல்வார்கள். அடிக்கலாம், சிஎஸ்6-இல் உடையாமலும் வரும். ஆனால் அந்த ஃபாண்ட் இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும், எனவே அனுப்புவதற்கு முன் வடிவமாக மாற்றியே ஆக வேண்டும். கூகுள் ஃபாண்ட்ஸில் முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன், பலூ தம்பி 2, கவிவனார் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். வேப்பமரத்துப் படத்துக்கு என் ஓட்டு ஹிந்த் மதுரை, தடித்தது.

அப்புறம் ஒன்று. ஆங்கிலத் தலைப்பு மாதிரி எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை இழுத்துவிடாதீர்கள். கொம்பும் காலும் தனித்தனியாக நகர்ந்து, நீங்கள் கஷ்டப்பட்டுச் சரிசெய்த "பொ" மறுபடி மூன்று துண்டாக நிற்கும். எழுத்தைச் சுற்றித் தடித்த ஸ்ட்ரோக் போட்டால் ண, ஞ போன்றவற்றின் உள்வளைவு அடைந்து எல்லாம் ஒரே உருண்டையாகத் தெரியும். பெவல் (எழுத்தைப் புடைத்துக் காட்டுவது), தங்க நிறம், நிழல் இந்த மூன்றும் சேர்ந்தால் அது கல்யாண பேனர்.

டீக்கடை_டிசைனர்:

எதுக்கு இவ்வளவு பாடு? கேன்வாவில் ஒரு டெம்ப்ளேட் எடுத்தால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ப்ளீட் எல்லாம் அதுவே போட்டுக்கொள்ளும்.

அச்சுமை:

ப்ளீட் போடும் ஐயா, டவுன்லோட் செய்யும்போது மறக்காமல் டிக் அடித்தால். போன ஜூலையில் ஒரே வாரத்தில் மூன்று கல்லூரி ரேப்பர் வந்தது, மூன்றிலும் அதே கரும்பச்சைப் பின்னணி, அதே தங்க இலை. பைண்டிங்கில் கட்டு மாறாமல் இருக்கப் பையனை வைத்துக் காவல் காத்தோம். இந்தத் தம்பியிடம் சொந்தமாக ஒரு நல்ல படம் இருக்கிறது, அதை விட்டுவிட்டு டெம்ப்ளேட் எதற்கு?

மூணாம்மாடி:

நான் ஒரு காலத்தில் மாணவர் ஆசிரியராக இருந்து அட்டையைக் கெடுத்தவள், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில், அந்தப் படத்தின் மூலக் கோப்பு உன்னிடம் இருக்கிறதா, இல்லை வாட்ஸ்அப்பில் வந்ததா? நாங்கள் வாட்ஸ்அப்பில் வந்ததைத்தான் வைத்தோம். நீளப்பக்கம் 1600 பிக்சல். ஏ4 உயரத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 137தான் வரும், டிபிஐ பெட்டியில் 300 என்று எண்ணை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தோம். அச்சாகி வந்ததும் பார்த்தால் எங்கள் கபடி அணித் தலைவியின் முகம் ஈரத்துணியால் துடைத்த கோலம் மாதிரி இருந்தது. எடுத்தவரிடம் டாக்குமெண்டாக அனுப்பச் சொல், இல்லையென்றால் பென் டிரைவில் வாங்கு.

மரத்தை வெட்டி எடுத்து வேறு வானத்தில் ஒட்டலாம் என்று இரவு இரண்டு மணிக்கு ஒரு யோசனை வரும். வேண்டாம். வேப்பிலைக்கு நடுவே பழைய வானத்தின் ஒளி விளிம்பு விளிம்பாக ஒட்டிக்கொண்டு நிற்கும், அதைத் தேய்த்து எடுப்பதற்குள் செமஸ்டரே முடிந்துவிடும். இருக்கிற வானத்தையே கர்வ்ஸில் (வெளிச்சம், நிறம் மாற்றும் கருவி) லேசாகச் சரிசெய். எதை மறைத்தாலும் லேயர் மாஸ்க்கில் (படத்தை அழிக்காமல் மறைக்கும் வசதி) மறை, அழிப்பானைத் தொடாதே, நாளைக்கே தமிழ்த்துறையிலிருந்து யாராவது வந்து "அந்தக் கிளை இருக்கட்டுமே" என்பார்.

பத்திரிகைகளில் தலைப்பு எழுத்தின் ஒரு பகுதி நடிகர் தலைக்குப் பின்னால் மறைந்திருக்கும், பார்த்திருப்பாய். எங்களுக்கும் அந்த ஆசை வந்தது, கிளையைத் தலைப்புக்கு முன்னால் கொண்டு வந்தோம். ஒரு இலை சரியாக "ல்" மேல் இருந்த புள்ளியை மூடிவிட்டது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்தில் பாதி மறைந்தாலும் படித்துவிடலாம், தமிழில் ஒரு புள்ளி போனால் சொல்லே வேறு. ஆயிரம் பிரதி. இலை எழுத்தின் அடிப்பாகத்தில் உரசட்டும், புள்ளி, கொம்பு, சுழி பக்கம் போகக் கூடாது.

முதல்வர் படத்துக்கு நாங்கள் கண்டுபிடித்த வழி இது. "முடியாது" என்று வாதாடாதே. அவர்கள் கேட்டபடி எல்லாவற்றையும் திணித்து ஒன்று, வெறும் மரமும் பெயரும் ஆண்டும் மட்டும் வைத்து ஒன்று, இரண்டையும் ஏ4-இல் பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்துவிட்டு நான்கடி தள்ளி நிற்கச் சொல். கூடவே "உங்கள் படத்துக்கு உள்ளட்டையில் ஒரு முழுப்பக்கம் ஒதுக்கியிருக்கிறோம் சார்" என்று சொல். அட்டையில் ஓரமாகத் தபால்தலை அளவில் இருப்பதைவிட முழுப்பக்கம் யாருக்குத்தான் கசக்கும்?

கடைசிபெஞ்ச்:

எட்டு நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி. அச்சுமை அண்ணா, நான் தம்பி இல்லை, தங்கச்சி.

படம் நான் பயந்த மாதிரியே வாட்ஸ்அப் படம்தான். எடுத்தது வேதியியல் துறை அண்ணன், அவர் போனில் மூலம் அப்படியே இருந்தது, ஆனால் குறுக்குவாட்டில் எடுத்தது. முன்னட்டைக்கு மட்டும் வெட்டினால் தலைப்புக்கு இடமே இல்லாமல் போனது. அப்புறம்தான் விரிப்பு ஒன்றுதானே என்று தோன்றியது. பெஞ்சும் மூன்று பேரும் முன்னட்டையில், மரத்தின் பாதி முதுகைத் தாண்டிப் பின்னட்டையில் என்று முழுப் படத்தையும் ஓடவிட்டேன், மேலே வானமும் போதுமான அளவு கிடைத்தது. பின்னட்டைக்கு என்ன செய்வது என்ற கவலையும் அதோடு தீர்ந்தது.

ஷிஃப்ட் கன்ட்ரோல் ஒய் அழுத்தியதும் வானம் மொத்தமும் சாம்பல், பாதி இல்லை. இறக்கிக்கொண்டே வந்ததில் ஊதா போய் ஒரு மாதிரி கத்தரிப்பூ நிறமாக நின்றது. முதலில் அழுகை வந்தது, இப்போது இதுதான் உண்மையான ஆறரை மணி மாதிரி தெரிகிறது. பெயரை இங்க்ஸ்கேப்பில் செய்து வெள்ளையில் வைத்திருக்கிறேன், கொம்பு ஒழுங்காக உட்கார்ந்துவிட்டது.

முதல்வர் இரண்டு பிரிண்டையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, தாளாளரிடம் காட்டச் சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்து, "இந்த மரம் நான் படிக்கும்போதே இருந்தது" என்றார். மரம் நின்றுவிட்டது, சின்னம் மட்டும் பின்னட்டைக்குப் போயிருக்கிறது.

டம்மி அளந்ததில் முதுகு 5.5 மி.மீ. வந்தது, விரிப்பை மாற்றிவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம், முதுகில் மலரின் பெயர் மேலிருந்து கீழாகவா, கீழிருந்து மேலாகவா?

அச்சுமை:

மன்னிக்கணும்மா, தங்கச்சி. இரண்டும் வேண்டாம். அஞ்சரை மி.மீ. முதுகில் மடிப்பு ஒரு மி.மீ. தள்ளினாலே பெயர் முன்னட்டைக்கு எட்டிப் பார்க்கும். மரத்தை அப்படியே ஓடவிடு. புரூஃபில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அட்டையில் ஆண்டு சரியாக இருக்கிறதா என்று வேறு யாரையாவது படிக்கச் சொல், நீ பார்த்தால் தெரியாது.