கல் வலி என்றார்கள், குடல்வாலாக இருந்தது

இளவயசுக்காரர்களுக்கு வயிறும் இடுப்பும் சேர்ந்து வலித்தால் எடுத்த எடுப்பில் சிறுநீரகக் கல்லாக இருக்கும் என்று சொல்லிவிடுகிறார்கள். என் 23 வயது தம்பிக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ராத்திரி தொப்புளைச் சுற்றி என்னவோ பண்ணுகிறது என்றான், அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார், விடிவதற்குள் வலி வலது இடுப்பில், முதுகுப் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. கூடவே குமட்டல், காபிகூட வேண்டாம் என்றுவிட்டான்.

பக்கத்து கிளினிக்கில் யூரின் டெஸ்டில் கொஞ்சம் ரத்தச் சிவப்பணு தெரிந்தது, அதனால் கல்தான் என்றார்கள். வலிக்கு ஊசி போட்டு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். ஸ்கேனில் கல் எதுவும் தெரியவில்லை, சின்னக் கல்லாக இருந்து இறங்கியிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. சித்தப்பாவுக்குக் கல் வலி வந்தபோது பார்த்திருக்கிறேன், ஒரு இடத்தில் இருக்க மாட்டார், புரளுவார், எழுந்து நடப்பார், மறுபடி படுப்பார், வலி விட்டு விட்டு வந்து தொடையிடுக்கு வரை இறங்கும். தம்பியோ வலது முழங்காலை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தான். ஆட்டோ ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தான்.

சாயங்காலம் காய்ச்சலும் வந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே சர்ஜன் ரிப்போர்ட்டைத் தொடுவதற்கு முன்னால் வலி முதலில் எங்கே ஆரம்பித்தது என்று கேட்டார். அப்புறம் அவனை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து வலது காலை நீட்டிப் பின்பக்கமாக மெல்ல இழுத்தார், கத்திவிட்டான். குடல்வால், அதாவது அப்பெண்டிக்ஸ், பெருங்குடலுக்குப் பின்னால் மடிந்து கிடந்தால் வலி முன்வயிற்றில் சரியாகத் தெரியாமல் இடுப்பில் காட்டுமாம், வீங்கிய குடல்வால் சிறுநீர்க் குழாயை ஒட்டியிருந்தால் யூரினிலும் அணுக்கள் வருமாம், சாதாரண ஸ்கேனில் அது பல நேரம் கண்ணில் படாதாம். சிடி ஸ்கேனில் உறுதியானது. அன்று ராத்திரியே லேப்ராஸ்கோப்பியில், சின்னத் துளை வழியாக, எடுத்துவிட்டார்கள், சீழ் பிடிக்கத் தொடங்கியிருந்தது, நல்லவேளை உடையவில்லை.

வலி எங்கே ஆரம்பித்து எங்கே நகர்ந்தது, எது முதலில் வந்தது, இதைக் கேட்காவிட்டாலும் நீங்களாகவே டாக்டரிடம் சொல்லுங்கள். பெண் பிள்ளை என்றால் மாதவிலக்குத் தேதி கேட்பார்கள், கர்ப்பப் பரிசோதனையும் செய்வார்கள். கல்யாணமாகாத பெண்ணிடம் இதையெல்லாம் கேட்பதா என்று தயவுசெய்து கோபப்படாதீர்கள். கர்ப்பம் கருக்குழாயில் தங்கியிருந்தாலோ சினைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாலோ இதே மாதிரி வலிதான் வரும், இரண்டுக்குமே விடியட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்க முடியாது.