வாங்குகிறவரும் 2 சதவீதமா? எந்த ஊர் வழக்கம் இது?

கல்லுக்கட்டி:
நேற்று ஒருவர் இங்கே, "வீடு வாங்குகிறவரும் தரகருக்கு 2 சதவீதம் தருவதுதான் செட்டிநாட்டு வழக்கம்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். காரைக்குடியில் நான் பார்த்தவரை வாங்குகிறவர் 1, விற்கிறவர் 2. முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2 என்று அரசாங்கத்துக்கே 9 சதவீதம் அழுகிறோம். அதற்கு மேல் தரகர்களான உங்களுக்கு வேறு மொய் எழுத வேண்டுமா?

தேவகோட்டை ரஸ்தா:
எழுதியது நான்தான், "ஒருவர்" என்று ஜாடை பேச வேண்டாம். பழைய வளவு வீட்டில் (முற்றம் வைத்த செட்டிநாட்டு வீட்டில்) எத்தனை புள்ளி, அதாவது எத்தனை பங்குக் குடும்பம், இருக்கும் தெரியுமா? ஒரு பங்காளி பினாங்கில், ஒருவர் சென்னையில், இன்னொருவர் இருக்கிறாரா என்பதே தெரியாது. ஒவ்வொருவர் வாசலிலும் நின்று கையெழுத்தோ பவரோ வாங்க இரண்டு வருடம் ஆகும். 1 சதவீதம் டீச்செலவுக்குக்கூட வராது.

கல்லுக்கட்டி:
60 லட்சத்துக்கு 1 சதவீதம் 60,000 ரூபாய். அப்படி என்ன டீ குடிக்கிறீர்கள்?

ஆத்தங்குடி மருமகள்:
கையெழுத்தைப் பற்றி நான் சொல்கிறேன். அட்வான்ஸ் கொடுத்து நான்கு மாதம் கழித்து, பங்காளி ஒருவரின் மகள் வந்து "என் பங்கு எங்கே?" என்றார். வில்லங்கச் சான்று சுத்தமாகத்தான் இருந்தது. பதிவு செய்யாத உயிலும் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்ட பாகமும் வில்லங்கத்தில் ஏறாது என்று எங்கள் தரகர் மூச்சுவிடவில்லை. அட்வான்ஸ் இன்னும் திரும்பி வரவில்லை. தரகு மட்டும் முன்பணமாகவே போய்விட்டது.

தேவகோட்டை ரஸ்தா:
வக்கீலிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுத்தது யார் தப்பு ஆச்சி? பெண்மக்களுக்குச் சீர் செய்து அனுப்பியாயிற்று, அப்புறம் என்ன பங்கு?

ஆத்தங்குடி மருமகள்:
இந்தப் பேச்சை 1989க்கு முன்னால் பேசியிருக்கலாம். மகளுக்கும் பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாட்டுத் திருத்தம் வந்தது அந்த வருடம், மத்தியத் திருத்தம் 2005. எத்தனை வெள்ளிப் பாத்திரம் கொடுத்தீர்கள் என்று எந்தக் கோர்ட்டும் எண்ணிப் பார்க்காது. இது தெரியாதவருக்கு 2 சதவீதமா?

கல்லுக்கட்டி:
அதைத்தானே நானும் கேட்கிறேன். வாங்குகிறவருக்கு 1. அவ்வளவுதான்.

முகப்புத் திண்ணை:
சண்டைக்கு நடுவில் ஒரு கேள்வி. ரியல் எஸ்டேட் ஆணையத்தில் பதிவு செய்தவரா நீங்கள்? எண்ணைப் போடுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
சட்டத்தைப் படித்துவிட்டு வாருங்கள் தம்பி. 2016 சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஆணையத்தில் பதிவான மனைப்பிரிவு, அடுக்குமாடித் திட்டங்களை விற்கும் தரகருக்கு. நூறு வருடத்துப் பழைய வீட்டைக் கைமாற்றிவிடுகிறவருக்கு இல்லை.

கல்லுக்கட்டி:
ஆக, பதிவும் வேண்டாம், பொறுப்பும் வேண்டாம், 2 சதவீதம் மட்டும் வேண்டும். அண்ணே, நீங்கள் வீட்டைக் காட்டும்போது அதில் என்ன மிஞ்சியிருக்கிறது? பர்மா தேக்குத் தூணும் நிலைக்கதவும் அதற்குள் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

தேவகோட்டை ரஸ்தா:
தூணை விற்றது வீட்டுக்காரர், நானா? நீங்கள் பார்த்தது பர்மா தேக்கும் இல்லை. வர்ணம் அடித்த மரமெல்லாம் பர்மா தேக்கு என்று சொல்வது காரைக்குடிக்காரர்களுக்கு ஒரு பெருமை.

முகப்புத் திண்ணை:
தேவகோட்டைக்காரர் பெருமையைப் பற்றிப் பேசுகிறார்!

தேவகோட்டை ரஸ்தா:
தேவகோட்டை ரஸ்தா என்ற ஊர் தேவகோட்டையில் இல்லை, காரைக்குடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஊர் எதுவென்றே தெரியாதவரெல்லாம் தரகு பேச வந்துவிட்டார்கள்.

ஆத்தங்குடி மருமகள்:
என் அட்வான்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை.

கல்லுக்கட்டி:
பேசுவோம் ஆச்சி. முதலில் இவர் அந்த 2 சதவீதத்துக்கு ஒரு ரசீதாவது காட்டட்டும். எந்த வருடம், எந்த வீடு, வாங்கியவர் கையிலிருந்து வாங்கிய 2. ஒன்றே ஒன்று போதும்.

தேவகோட்டை ரஸ்தா:
தரகுக்கு எவன் ரசீது கொடுக்கிறான்? நீங்கள் கொடுத்த 1 சதவீதத்துக்கு ரசீது இருக்கிறதா, அதைப் போடுங்கள் முதலில்.

கல்லுக்கட்டி:
நான் தரகரே இல்லாமல் வாங்கினேன்.